குரல் எந்தப் பக்கம்

ரூபினியின் குரல்செய்தி வந்தபோது நான் வேலை முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

"ஜீவன், மிக்ஸ் கேட்டோம். இன்னும் வலது பக்கமே சாயுது. என் குரல் நடுவுலயே இல்ல. பக்கத்து ரூம்ல இருந்து யாரோ பாடற மாதிரி இருக்கு. லேபல்காரர் இதான் கடைசின்னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலன்னா கேஎல்-லயே ஒருத்தர்கிட்ட குடுத்துருவாங்க. இதுக்கு மேல என்னால உனக்காகப் பேச முடியாது. பாத்துக்க."

பஸ்ஸில் எல்லோரும் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கவில்லை.

ரூபினியும் நானும் கோலாலம்பூரில், எங்கள் பேச்சில் கேஎல்-இல், ஒரே கல்லூரியில் ஒலிப்பதிவு படித்தோம். அவள் முடித்தாள். நான் பாதியில் வகுப்புக்குப் போவதை நிறுத்தினேன். யாரும் தேடவில்லை. ஜொகூரில் இருக்கும் உலு திராமுக்குத் திரும்பி, பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் சேர்ந்தேன். நைட் ஷிஃப்ட்டில் யாரும் யாரிடமும் பேச மாட்டார்கள். அது எனக்கு ஒத்துவந்தது.

பாட்டு மட்டும் நிற்கவில்லை. ரூபினி கேஎல்-இல் பாடிப் பதிவு செய்து அனுப்புவாள். நான் இங்கே அறையில் உட்கார்ந்து தாளம், பேஸ், கீபோர்டு எல்லாம் சேர்த்து, எதை எவ்வளவு சத்தத்தில், எந்தப் பக்கத்தில் வைப்பது என்று பார்த்து ஒரு பாட்டாக்கித் திருப்பி அனுப்புவேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான். 'பேஸ் கூட', 'ரெண்டாவது சரணத்துல மூச்சு கேக்குது', 'ஓகே'. வாரக்கணக்கில் நான் வேறு யாரிடமும் இவ்வளவுகூடப் பேசியதில்லை. அதனால், லேபல் கம்பெனி வெளியிட இருந்த அந்தப் பாட்டு கேஎல்-இல் யாரோ ஒருவரிடம் போனால் என்னிடம் என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் மிஞ்சாது.

கோளாறு ஹெட்போனில்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கல்லூரியில் வாங்கியது. வலது கப்பின் வயர் அறுந்து நானே ஈயம் வைத்து ஒட்டியது. பஞ்சின் தோல் உரிந்து, கழற்றும்போதெல்லாம் கருப்புத் துகள் காதில் ஒட்டும். வலது கப் சத்தம் குறைவாகத் தருகிறது, அதனால் நான் மிக்ஸில் வலது பக்கத்தை ஏற்றிவிடுகிறேன், கேட்பவர்களுக்குப் பாட்டு வலது பக்கம் சாய்கிறது. எளிய கணக்கு. புது ஹெட்போன் வாங்கினால் முடிந்தது.

என் ஸ்டாப்பில் இறங்கினேன். அறைக்குப் போகாமல் எதிர்ப்புறம் நின்று ஜொகூர் பாரு பஸ்ஸைப் பிடித்தேன்.

கடை ஒரு பழைய ஷாப்பிங் காம்ப்ளெக்ஸின் மேல் மாடியில் இருந்தது. பாதிக் கடைகள் ஷட்டர் போட்டே கிடந்தன. நான் முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டில் காத்திருந்தேன். ஒல்லியான ஒருவன் வந்து ஷட்டரைத் தூக்கினான். கழுத்தில் சிலுவைச் சங்கிலி, கையில் கறிபாப் பலகாரம்.

"பசியாறியாச்சா பிரதர்?" என்றான்.

"ஆச்சு," என்றேன். ஆகவில்லை.

"முகத்தைப் பாத்தா தெரியல. சரி வாங்க. நான் அட்ரியன். என்ன வேணும்?"

"ஹெட்போன்."

"டிஜே-க்கா, ப்ரொடக்‌ஷனுக்கா?"

"ரெண்டுக்கும்."

"எல்லாரும் இதத்தான் சொல்றீங்க லா. ஒரே சப்பாத்து, அதைப் போட்டுக்கிட்டு பந்தும் ஆடணும், கல்யாணத்துக்கும் போகணும்." கறிபாப்பின் கடைசித் துண்டை வாயில் போட்டுக் கையைத் துடைத்தான். "டிஜே எங்க பண்றீங்க? கிளப்பா?"

"கல்யாண டின்னர்."

"அப்ப உறுமி மேளத்துக்குப் பக்கத்துல."

"ஆமா."

"பாவம் லா நீங்க."

சனி, ஞாயிறுகளில் நான் மகேஸ்வரன் அண்ணனின் சவுண்ட் சிஸ்டத்தோடு போவேன். உலு திராமிலிருந்து காஹாங் வரைக்கும் எந்த ஹாலில் டின்னர் என்றாலும் அவர் என் மேசையை ஒரே இடத்தில்தான் போடுவார். மேடை ஓரம், பெரிய ஸ்பீக்கர் என் வலது கைப்பக்கம். மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே வரும்போது உறுமிக்காரர்கள் அங்கேயே நின்று அடிப்பார்கள். நான் ஹெட்போனின் ஒரு கப்பை மட்டும் இடது காதில் வைத்து அடுத்த பாட்டைத் தயார் செய்வேன். வலது காது ஹாலுக்கு. டிஜே செய்யும் எல்லோரும் அப்படித்தான், ஒரு காது உள்ளே, ஒரு காது வெளியே. ஹால் நிறைய ஆட்கள் சாப்பிடுவார்கள், ஆடுவார்கள். என் மேசைக்கு வருகிறவர்கள் 'சத்தம் வை' என்று சொல்ல மட்டும் வருவார்கள்.

அட்ரியன் கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தான்.

"இது மூடினது. வெளிச் சத்தம் உள்ள வராது, உள்ள இருக்கிறது வெளிய போகாது. கப்பைத் திருப்பி ஒத்தைக் காதுல வச்சுக்கலாம். பேஸ் கொஞ்சம் கொழுப்பா காட்டும். ஹாலுக்கு இதான். இது தொறந்தது, பின்னாடி வலை பாருங்க, காத்து போய் வரும். ரூம்ல ஸ்பீக்கர் வச்சுக் கேக்கற மாதிரி இருக்கும், பொய் சொல்லாது. மிக்ஸ் பண்றதுக்கு இது. ஆனா ஹாலுக்குக் கொண்டு போனீங்கன்னா உறுமிதான் கேக்கும், உங்க பாட்டு கேக்காது. இந்த மூணாவது ரெண்டுக்கும் நடுவுல. ரெண்டு வேலையும் செய்யும், ரெண்டையும் சுமாரா செய்யும்."

"கேட்டுப் பாக்கலாமா?"

"பாருங்க. ஆனா உங்க சொந்தப் பாட்டைப் போடாதீங்க. அதுல எது எங்க இருக்குன்னு உங்க மண்டைக்கு முன்னாடியே தெரியும்."

அவன் போனில் ஒரு மலாய்ப் பாட்டைப் போட்டான். ஒரு பெண் குரல், ஒரு கித்தார், வேறு ஒன்றும் இல்லை. நான் திறந்த வகையை மாட்டிக்கொண்டேன். முதல் வரியிலேயே கழற்றினேன்.

"இது ரிப்பேர். ரைட் கம்மியா வருது. அந்தப் பொம்பள லெஃப்ட்ல நிக்கிறா."

"அலமாக், டிஸ்ப்ளே பீஸ் லா அது. வர்றவன் போறவன் எல்லாம் இழுப்பான்." உள்ளே போய்ப் புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து நாடாவை வெட்டிப் பிரித்தான். மாட்டினேன்.

"இதுவும்."

அவன் வாங்கித் தன் காதில் வைத்துக் கேட்டான். "நடுவுலதான் நிக்கிறா."

"இல்ல."

"சரி, மூடினதுல கேளுங்க."

மூடினதிலும் அவள் இடது பக்கம்தான் நின்றாள். குரலில் 'ஸ' வரும் இடங்கள் வலது பக்கத்தில் இல்லவே இல்லை, துணி போட்டுப் பொத்தினது மாதிரி. மூன்றாவதிலும் அதுவே.

"உங்க போன்ல ஏதோ செட்டிங் இருக்கு," என்றேன்.

அட்ரியன் போனைப் பார்த்தான். ஹெட்போனைப் பார்த்தான். பிறகு, "ஒண்ணு பண்ணுங்க. கழட்டி, திருப்பி மாட்டுங்க. ரைட் கப் லெஃப்ட் காதுல," என்றான்.

திருப்பி மாட்டினேன்.

கோளாறு ஹெட்போனில் இருந்தால் அந்தப் பெண் இப்போது வலது பக்கம் வந்திருக்க வேண்டும். அவள் நகரவில்லை. இடது பக்கத்திலேயே நின்று பாடினாள்.

நான் மறுபடி திருப்பினேன். மறுபடி. மூன்று ஹெட்போனிலும் செய்து பார்த்தேன். அட்ரியன் காலிப் பெட்டியை மடித்துக்கொண்டிருந்தான்.

"சளி புடிச்சிருக்கா?" என்றான் கடைசியில். எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டான் என்று புரிந்தது.

"ஆமா," என்றேன். எனக்குச் சளி இல்லை.

"காதுல அழுக்கு அடைச்சாலும் இப்படி இருக்கும். கிளினிக் போய்ப் பாத்துருங்க."

"ம்."

"மிக்ஸ் பண்றப்ப மீட்டர் பாக்க மாட்டீங்களா? ரைட் ஏறியிருந்தா அதுலயே தெரியுமே."

"காதைத்தான் நம்புவேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

என் வலது காதைக் கெடுத்தது ஃபேக்டரி மெஷினாக இருக்கலாம். நான் காதடைப்பான் போடுகிறவன்தான், ஆனால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்க வேண்டும் என்று ஒரு பக்கம் தளர்த்தி வைப்பேன். மகேஸ்வரன் அண்ணனின் ஸ்பீக்கராக இருக்கலாம். உறுமியாக இருக்கலாம். எப்போது ஆரம்பித்தது என்றும் தெரியவில்லை. ஹாலில் எப்போதும் ஒற்றைக் காது. ஹால் ஸ்பீக்கரில் இரண்டு பக்கமும் ஒரே சத்தம். அறையில் என் பாட்டு மட்டும், அதை என் காதுக்கு ஏற்றபடி நானே நகர்த்தி வைத்தேன். இரண்டு காதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வரவில்லை. என் கூட உட்கார்ந்து கேட்கிற ஒரு ஆள் இருந்திருந்தால் அவன் முதல் நாளே சொல்லியிருப்பான்.

நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தேன்.

"ஒரு பாட்டு இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். கேட்டுச் சொல்றீங்களா? குரல் எந்தப் பக்கம் நிக்குதுன்னு மட்டும்."

"நானா? நான் விக்கிறவன் லா பிரதர்."

"காது ரெண்டும் இருக்குல்ல."

அவன் கடை வாசலைப் பார்த்தான். ஆள் யாரும் இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திறந்த ஹெட்போனை மாட்டிக்கொண்டான். நான் பாட்டை ஓடவிட்டேன்.

"அய்யோ," என்றான் உடனே. "ரொம்ப ரைட்டு."

"வாயால சொல்ல வேணாம். விரலைக் காட்டுங்க."

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஆள்காட்டி விரலை நீட்டினான். விரல் வலது பக்கம் நின்றது. நான் குரலை நகர்த்தினேன். விரல் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்து அவன் மூக்குக்கு நேரே நின்றது. தலையை ஆட்டினான். அடுத்து கீபோர்டு. அடுத்து உறுமி. நான் வெட்டி ஒட்டிய சத்தம் ஒவ்வொன்றையும் அவன் விரலைப் பார்த்து நகர்த்தினேன். எனக்கு அதில் எதுவும் கேட்கவில்லை. மௌனப் படம் பார்ப்பது மாதிரி இருந்தது.

"யாரு பாடறது? நல்லா பாடறாங்களே," என்றான் கண்ணைத் திறக்காமல், ஹெட்போன் போட்டவர்களுக்கே உரிய சத்தத்தில்.

"ஃப்ரெண்டு."

"கேர்ள்ஃப்ரெண்டா?"

"இல்ல."

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"இல்லன்னு தெரியுது லா. நீங்க சொன்ன விதத்துலயே."

ஒரு அம்மா வந்து போனுக்குச் சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டார். அட்ரியன் கண்ணை மூடி விரலை நீட்டியபடி உட்கார்ந்திருந்ததால் அவர் என்னிடம் கேட்டார். "கீழ் மாடியில கேளுங்கம்மா," என்றேன். "இவருக்கு என்ன?" என்று அவனைக் காட்டினார். "வேலை செய்றாரு," என்றேன். அவர் நம்பாமல் போனார்.

எல்லாம் முடிந்தபின் நான் மாட்டிக் கேட்டேன். மாதக்கணக்கில் கேட்ட பாட்டு. குரல் இடது பக்கம் ஒதுங்கி, கீபோர்டு அதன்மேல் ஏறி, வலது பக்கம் காலி அறை மாதிரி இருந்தது. எனக்கு அது கெட்டுப்போன பாட்டு.

"இப்ப சரியா?" என்று கேட்டேன்.

"சூப்பர். நடுவுல வந்து நிக்கிறாங்க."

நான் அதை அப்படியே சேமித்தேன். ரூபினிக்கு அனுப்பினேன்.

"எதை எடுக்கிறீங்க?" என்றான் அட்ரியன். அவன் கை விலை கூடிய திறந்த ஹெட்போன்மேல் இருந்தது. பிறகு கையை எடுத்துக்கொண்டான். நல்லவன்தான். விற்கிறவன் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

மூடினதைக் காட்டினேன். ஒரு காதுக்கு அது போதும். திறந்ததை வாங்கி, அது பொய் சொல்லாமல் சொல்வதை எந்தக் காதில் வாங்குவது?

"அடுத்த பாட்டு வந்தா கொண்டாங்க," என்றான் பையில் போட்டுக்கொடுத்தபடி. "காலைல கடையில ஆளே இருக்காது."

அவன் சும்மா சொல்லவில்லை என்று தோன்றியது. அதனால்தான் பதில் சொல்லாமல் வந்தேன்.

அறைக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தபோது ரூபினி போன் செய்தாள். அவள் போன் செய்து பல மாதம் ஆகிறது. எப்போதும் செய்திதான்.

"டேய், என்னடா பண்ண? கேட்டுட்டு லேபல்காரர் எழுந்து நின்னுட்டாரு. இதத்தானே இத்தனை நாளா கேட்டேன்."

"ம்."

"புது ஹெட்போனா?"

"ஆமா."

"சொன்னேன்ல, அந்தப் பழைய குப்பையத் தூக்கிப் போடுன்னு. இங்க பாரு, அவங்க முழு ஆல்பமும் உன்கிட்டயே குடுக்கலாம்னு சொல்றாங்க. நான் இன்னிக்கே அடுத்த பாட்டுக்குக் குரல் அனுப்பறேன். சரியா?"

கேட்க வேண்டும் என்று நான் காத்திருந்த வார்த்தை அது. காத்திருந்ததே தெரியாமல் காத்திருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் பஸ் ஏறி ஜொகூர் பாரு போய், அட்ரியன் விரலைப் பார்த்து முடித்துவிடலாம். அவன் வேலையை விடும் வரைக்கும், அல்லது அவனுக்கு அலுக்கும் வரைக்கும். அவள் 'உன் காதுக்கு நிகரே இல்லடா' என்று செய்தி அனுப்புவாள். நான் அதைப் பஸ்ஸில் உட்கார்ந்து கேட்பேன்.

"அது நான் பண்ணல," என்றேன்.

"என்ன பண்ணல?"

"மிக்ஸ். ஹெட்போன் கடையில இருக்கிறவன் கேட்டுச் சொன்னான். எனக்கு ரைட் காது சரியா கேக்கல."

"என்னடா உளர்ற?"

"மூணு ஹெட்போன்ல திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தேன். காதுதான்."

அவள் பக்கத்தில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்திருப்பாள்.

"எப்பலேர்ந்து?"

"தெரியல."

"டாக்டரப் பாத்தியா?"

"இன்னிக்குத்தான் தெரியும்."

"இப்ப எந்தக் காதுல வச்சுப் பேசற?"

"லெஃப்ட்."

"ரைட்ல வை."

வைத்தேன். அவள் ஏதோ சொன்னாள். சொல்கிறாள் என்பது தெரிந்தது. வார்த்தைகளின் ஓரமெல்லாம் மழுங்கி, பஞ்சு அடைத்த பெட்டிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி. இடது காதுக்கு மாற்றினேன்.

"என்ன சொன்னேன்?" என்றாள்.

"தெரியல."

அவள் அதைத் திரும்பச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"முதல்ல டாக்டரப் பாரு, ஜீவன். பாட்டுக்கு அவசரம் இல்ல. இல்லன்னா இப்படிப் பண்ணலாம். நீ தாளம் மட்டும் போட்டு அனுப்பு. மிக்ஸ இங்க அவங்க ஆளே பாத்துக்கட்டும். உன் பேரும் இருக்கும். நான் பேசறேன்."

"சரி."

"கோவமா?"

"இல்ல."

"நிஜமா?"

"உன் இடத்துல இருந்தா நானும் அதத்தான் சொல்லுவேன்."

"இப்படிப் பேசாத லா. சண்டை போட்டாக்கூடப் பரவால்ல."

எனக்குச் சண்டை போட ஒன்றும் இல்லை. அவள் சொன்னது சரி. ஒரு காது உள்ளவனிடம் இரண்டு காதுக்கான வேலையைக் கொடுக்க மாட்டார்கள். தாளம் மட்டும் போட்டு அனுப்ப நான் தேவையில்லை, அதற்கு கேஎல்-இல் ஆள் நிறைய. இரண்டு பாட்டு கழித்து அதுவும் நின்றுவிடும், அவள் வேண்டுமென்று நிறுத்த மாட்டாள், தானாக நிற்கும். அது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"கிளினிக் போனதும் மெசேஜ் பண்ணு," என்றாள்.

"பண்றேன்."

வைத்துவிட்டாள்.

லேப்டாப்பைத் திறந்து பாட்டின் தனித்தனி ஒலிகளை எல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டேன். குரல், கீபோர்டு, பேஸ், உறுமி. ஒவ்வொன்றுக்கும் எது என்று பெயர் எழுதினேன், நான் இல்லாமலே யாரும் எடுத்துப் புழங்கும்படி. கேஎல்-காரருக்கு அனுப்பச் சொல்லி ரூபினிக்கு ஏற்றிவிட்டேன். நீலக் கோடு மெதுவாக நகர்ந்து கடைசிக்குப் போய்ச் சேர்ந்தது. அவளிடமிருந்து 'ஓகே' என்று வந்தது.

வேலைக்குப் போகும்முன் கொஞ்சமாவது தூங்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே வெயில். கீழே சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பக்கத்து அறையில் யாரோ டிவி வைத்திருந்தார்கள். எப்போதும் மல்லாந்து படுத்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

இன்றைக்குத் திரும்பி, இடது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தேன். லாரிகள் தூரம் போயின. டிவி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பகலில் தூங்குகிறவனுக்கு இது வசதிதான். அப்படியே கிடந்தேன். போன் தலைமாட்டில் இருந்தது. அடித்தாலும் கேட்டிருக்காது.